எடுத்துக்காட்டு போதுமா?

மூன்றாம் ஆண்டு, கணிப்பொறி அறிவியல்

ஒரு சிறு நிகழ்ச்சியைச் சொல்லி இக்கட்டுரையைத் தொடங்க விரும்புகிறேன்.

மணிமங்கலத்திலிருந்து ஒரகடம் பக்கம் வேலைக்குப் போகும் இளைஞர்களுள் என் அண்ணனும் ஒருவர். புதிதாகச் சேர்ந்த ஒரு தொழிற்சாலையில் அவருக்கு அடையாள அட்டை தந்தார்கள். பெயர் தமிழில் அழகாக அச்சாகியிருந்தது. எங்கள் தந்தையாரின் பெயர் 'கோ' என்னும் எழுத்தில் தொடங்குவது. அட்டையிலோ முன்னெழுத்தாக 'க' என்று மட்டும் இருந்தது. வங்கிப் புத்தகத்தில் 'கோ', அட்டையில் 'க'. இருவரும் ஒருவரே என்று மெய்ப்பிக்க அண்ணன் இரண்டு வாரம் அலைந்தார். அட்டையை வாங்கிப் பார்த்த தந்தையார், "என் கொம்பையும் காலையும் ஒடிச்சுட்டாங்களே!" என்று சொல்லிச் சிரித்தார்.

நானும் சிரித்தேன். பிறகு சிந்தித்தேன். தட்டச்சு செய்தவர் மேல் தவறில்லை. தந்தையார் பெயரை முழுமையாகவும் சரியாகவும் உள்ளிட்டிருந்தார். அந்தப் பெயரின் முதல் எழுத்தைத் தனியே எடுக்கும் நிரல்தான் தவறியது. அந்த நிரலை எழுதியவர் அதைச் சோதித்துப் பார்த்தே இருப்பார். 'மணி' என்று கொடுத்தால் 'ம' வந்திருக்கும். 'கண்ணன்' என்று கொடுத்தால் 'க' வந்திருக்கும். 'அருணாசலம்' என்று கொடுத்தால் 'அ' வந்திருக்கும். மூன்று எடுத்துக்காட்டும் சரி! இனி என்ன ஐயம்?

அவர் எப்படிச் சோதித்தாரோ, நாம் எப்படிச் சோதிக்கிறோம் என்பது நமக்குத் தெரியும். சொல்லைத் திருப்பும் நிரலை ஆய்வகத்தில் எழுதுகிறோம். 'மேடம்' என்னும் ஆங்கிலச் சொல்லைக் கொடுக்கிறோம். அதே சொல் திரும்பி வருகிறது. ரெக்கார்டு நோட்டில் ஒட்டுகிறோம், கையெழுத்தும் விழுந்துவிடுகிறது. திருப்பினாலும் மாறாத சொல்லைக் கொடுத்துத் திருப்பும் நிரலைச் சோதித்தால், அது திருப்பியதா, சும்மா இருந்ததா என்பது எப்படித் தெரியும்? இதை ஆசிரியப் பெருமக்களைக் குறை கூறுவதற்காக எழுதவில்லை. நானும் அப்படித்தான் ஒட்டினேன். ஆனால் எடுத்துக்காட்டு மட்டும் போதாது என்பதும், நிரலுக்கும் இலக்கணம் வேண்டும் என்பதும், தமிழ்ச் சொல்லைக் கையாளும் நிரலுக்கு அந்த இலக்கணத்தை நாமே எழுத வேண்டும் என்பதும் என் கருத்து.

நூற்பாவும் உரையும்

தமிழ் இலக்கியம் பயிலும் நண்பர்களுக்கு இது புதிதன்று. நூற்பா என்பது பொது விதி. எடுத்துக்காட்டு என்பது உரையாசிரியர் அவ்விதியை விளக்கத் தருவது. எடுத்துக்காட்டுகளை மட்டும் அடுக்கிவிட்டு 'இதுவே இலக்கணம்' என்று எவரும் சொல்வதில்லை. நிரல் உலகில் மட்டும் நாம் நூற்பா இல்லாத உரையை எழுதிக்கொண்டிருக்கிறோம்!

மேலைநாட்டார் இதை உணர்ந்து ஒரு வழி கண்டார்கள். ஹாஸ்கெல் என்று ஒரு நிரல்மொழி உண்டு. 1990-ல் முதல் வரையறை பெற்ற இம்மொழி சார்பு நிரல்மொழி வகையைச் சேர்ந்தது. கணிதத்தில் நாம் படிக்கும் சார்பைப் போலவே, இம்மொழியில் எழுதப்படும் சார்பும் ஒரே உள்ளீட்டுக்கு எப்போதும் ஒரே விடையைத் தரும். தனக்கு வெளியே உள்ள எதையும் மறைவாக மாற்றாது. ஆகவே அதை நூறு முறை இயக்கினாலும் ஆயிரம் முறை இயக்கினாலும் கேடில்லை. இந்த நல்லியல்பைப் பயன்படுத்தி, சுவீடன் நாட்டின் சால்மர்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கூன் கிளாசன், ஜான் ஹியூஸ் என்னும் இருவர் 'குவிக்செக்' என்னும் கருவியைப் படைத்து, 2000-ஆம் ஆண்டில் அதைப் பற்றிய ஆய்வுக் கட்டுரையை வெளியிட்டனர். பின்னர் ஏறத்தாழ எல்லா நிரல்மொழிகளிலும் இதன் வழித்தோன்றல்கள் வந்துவிட்டன.

இக்கருவியிடம் நாம் எடுத்துக்காட்டுத் தருவதில்லை; விதியைத் தருகிறோம். 'எந்தச் சரத்தைக் கொடுத்தாலும் இது உண்மையாக இருக்க வேண்டும்' என்று சொல்கிறோம். பூக்களைத் தொடுத்தால் பூச்சரம். எழுத்துகளைத் தொடுத்தால் எழுத்துச்சரம். கருவி தானே சரங்களைக் கண்மூடித்தனமாக உருவாக்கி, வழக்கமாக நூறு முறை, நம் விதியைச் சோதிக்கும். ஒன்றில் விதி பொய்த்தாலும் நின்றுவிடும். அதோடு விடாது. பொய்த்த சரத்தைச் சிறிது சிறிதாகக் குறைத்து, பிழையைக் காட்டக்கூடிய மிகச் சிறிய சரம் எது என்று தேடி நம் கையில் தரும். நீண்ட வழக்கில் முதன்மைச் சாட்சியை மட்டும் முன்னே நிறுத்துவது போன்றது இது.

மூன்று விதிகள்

திருப்பும் சார்புக்கு என்ன விதி எழுதலாம்? யாரைக் கேட்டாலும் உடனே சொல்வது இது: ஒரு சரத்தை இரண்டு முறை திருப்பினால் பழைய சரமே வர வேண்டும். அழகான விதி. ஆனால் ஒன்றுமே செய்யாமல், கொடுத்ததை அப்படியே திருப்பித் தரும் சோம்பேறிச் சார்பும் இவ்விதியில் தேறிவிடும்!

ஆகவே இரண்டாம் விதி: இரு சரங்களை இணைத்துத் திருப்பினால், பின்னதன் திருப்பம் முன்னும், முன்னதன் திருப்பம் பின்னும் வர வேண்டும். சோம்பேறி இங்கே அகப்பட்டுக்கொள்வான்.

மூன்றாம் விதி மிக எளியது. ஓர் எழுத்து மட்டும் உள்ள சரத்தைத் திருப்பினால் அவ்வெழுத்தே வர வேண்டும். இதையும் ஒரு விதி என்று எழுத வேண்டுமா என்று தோன்றும். ஆங்கிலம் ஒன்றையே எண்ணிப் பார்ப்பவர் எழுதவே மாட்டார். அங்கே ஓர் எழுத்துக்கு ஒரு குறியெண். தவறுவதற்கு இடமே இல்லை.

இனி ஹாஸ்கெலில் உள்ள திருப்பும் சார்பிடம் நம் ஊர்ப்பெயரைக் கொடுப்போம். மணிமங்கலம் என்பதில் ம, ணி, ம, ங், க, ல, ம் என ஏழு எழுத்துகள். ஆனால் உலகப் பொதுக் குறியீடாகிய யூனிகோடில் அது பத்துக் குறியெண்கள். ணகரத்துக்கு ஒன்று, அதன் மேல்விலங்குக்கு ஒன்று. ஙகரத்துக்கு ஒன்று, புள்ளிக்கு ஒன்று. இறுதி மகரத்துக்கு ஒன்று, அதன் புள்ளிக்கு ஒன்று. அச்சார்பு குறியெண்களைத் திருப்புகிறது. விளைவு என்ன? பற்றிக்கொள்ள ஆளில்லாத புள்ளி ஒன்று முதலில் வந்து நிற்கிறது. பிறகு ம, ல, க், ங, மி, ண, ம. ஙகரத்தின் புள்ளி ககரத்தின் தலைக்குத் தாவிவிட்டது. ணகரத்தின் விலங்கு மகரத்தைப் பிடித்துக்கொண்டது. எழுத்தாகத் திருப்பியிருந்தால் ம், ல, க, ங், ம, ணி, ம என்றல்லவா வந்திருக்க வேண்டும்?

இவ்வளவு பிழை செய்த சார்பு முதல் விதியில் தேறும். இரண்டாம் விதியிலும் தேறும். நாம் பொருட்படுத்தாத அந்த மூன்றாம் விதியில்தான் தோற்கும். சோம்பேறிச் சார்போ முதல் விதியிலும் மூன்றாம் விதியிலும் தேறி, இரண்டாம் விதியில் தோற்கும். எல்லாரும் உடனே சொல்லும் முதல் விதி இருவரில் ஒருவரையும் பிடிக்கவில்லை. இரண்டாவதையும் மூன்றாவதையும் ஒருசேர நிறைவேற்றுவது சரியான திருப்பம் ஒன்றே. முதல் விதி அவ்விரண்டிலிருந்தே பெறப்பட்டுவிடும்.

ஒரகடத்துத் தொழிற்சாலைகளில் வேலை பார்ப்பவர்களுக்கு இது எளிதில் விளங்கும். துளையின் அளவைப் பார்க்கும் கேஜுக்கு இரண்டு முனை உண்டு. ஒரு முனை துளைக்குள் நுழைய வேண்டும். மறுமுனை நுழையக் கூடாது. நுழையும் முனையை மட்டும் வைத்துப் பார்த்தால் அளவுக்கு மீறிப் பெரிதான துளையெல்லாம் தேறிவிடும். விதியும் அப்படித்தான். ஒரு முனை போதாது.

முப்பத்தொன்றும் இருநூற்றுப் பதினாறும்

மூன்றாம் விதியைத் தமிழ் எழுத்து முழுவதற்கும் சோதித்துவிடலாம். உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1, ஆக 247. இவற்றுள் ஒரே குறியெண்ணால் ஆனவை எவை? உயிர் 12, அகரமேறிய உயிர்மெய் 18, ஆய்தம் 1, ஆக 31. இவை மட்டும் தேறும். புள்ளி பெற்ற மெய் 18, ஏனைய உயிர்மெய் 198. ஆக 216 எழுத்துகள் தோற்கும். என் அண்ணன் அட்டையில் நடந்தது இதுவே. 'மணி', 'கண்ணன்', 'அருணாசலம்' மூவரும் அந்த 31-க்குள் இருந்தவர்கள். 'கோ' வெளியே நின்றது.

ஓரெழுத்துச் சரங்கள் 247 என்றால் ஈரெழுத்துச் சரங்கள் 61,009. மூவெழுத்துச் சரங்கள் 1,50,69,223. எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகச் சோதிப்பது இதற்கு மேல் கடினம். அதனால்தான் கண்மூடித்தனமாகப் பொறுக்கும் கருவி தேவைப்படுகிறது.

ஆனால் இங்கே ஓர் எச்சரிக்கை வேண்டும். கருவியை அதன் போக்கில் விட்டால் அது உருவாக்கும் சரங்களில் பெரும்பகுதி ரோமன் எழுத்தும் எண்ணும் நிறுத்தக் குறிகளுமாக இருக்கும். மிச்சம் உலகத்து எழுத்துகள் அனைத்திலிருந்தும் ஆங்கொன்று ஈங்கொன்றாக வரும். ஒரு தமிழ் மெய்யும் அதை அடுத்து ஒரு தமிழ்த் துணைக்குறியும் சேர்ந்து வருவது அரிதினும் அரிது. மூன்றாம் விதியை எழுதி வைத்தும், சோதனை நூறும் தேறிற்று என்று அது சொல்லிவிடக்கூடும்! ஆகையால் தமிழ்ச் சரத்தை உருவாக்கும் வழியையும் நாமே அதற்குச் சொல்லித்தர வேண்டும். அதில் மொழிமுதல் எழுத்து, மொழியிறுதி எழுத்து விதிகளைக் கடைப்பிடிக்கலாமா? கூடாது என்பேன். ரமேஷ் என்பவரும் லட்சுமி என்பவரும் இந்நாட்டில் வாழ்கிறார்கள். அவர்கள் பெயரும் அட்டையில் ஏற வேண்டும்.

கல்லிலே விட்ட புள்ளி

மணிமங்கலத்துக் கோயில் கல்வெட்டுகளை வரலாற்று மாணவர்கள் அறிவார்கள். ஹுல்ஸ் அவர்கள் பதிப்பித்த தென்னிந்தியக் கல்வெட்டுத் தொகுதிகளில் மூன்றாம் தொகுதியின் முதற் பகுதி, 1899-ல் வந்தது, நம் ஊர்க் கல்வெட்டுகளையும் கொண்டது. சோழர் காலக் கல்வெட்டுகளில் மெய்யெழுத்துக்குப் பெரும்பாலும் புள்ளி இடுவதில்லை. அது ககரமா, ககர மெய்யா என்பதைப் படிப்பவர் இடம் நோக்கி அறிந்துகொண்டார். கல்லில் இல்லாத புள்ளி படித்தவர் நெஞ்சில் இருந்தது.

கணிப்பொறிக்கு அந்த நெஞ்சு இல்லை. அது எண்ணை மட்டுமே அறியும். தொல்காப்பியர் மெய்யைப் புள்ளியோடு நிற்பது என்றார். மெய்யோடு அகரம் சேர்ந்தால் ககரம் பிறக்கும் என்பது நம் இலக்கணம். 1991-ல் வெளிவந்த யூனிகோடின் முதல் பதிப்பிலிருந்தே இது தலைகீழ். அங்கே ககரம் முதலில் நிற்கும். அதன் மேல் புள்ளியை ஏற்றினால் ககர மெய். இந்திய மொழிகள் பலவற்றுக்கும் பொதுவாக வகுத்த முறையில் நமக்குக் கிடைத்த இடம் 128 கட்டங்கள். இதைப் பழித்துப் பயனில்லை. எது எழுத்து என்பதைக் கருவிக்கு எடுத்துச் சொல்லும் பொறுப்பு நம் தலையில் விழுந்திருக்கிறது என்பதை உணர்ந்தால் போதும்.

இன்னொன்றும் உண்டு. 'கோ' என்பதைக் ககரமும் ஓகாரக் குறியுமாக இரண்டு எண்ணாலும் எழுதலாம். ககரமும் கொம்பும் காலுமாக மூன்று எண்ணாலும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. ஒப்பிட்டுப் பார்க்கும் நிரலுக்கு வேறு வேறு. இந்த வேற்றுமையைச் சமன்செய்ய யூனிகோடே ஒரு முறை வகுத்திருக்கிறது. அதைப் பின்பற்றினால் தீரும். ஆனால் நம் பக்கத்து ஊராகிய ஸ்ரீபெரும்புதூருக்கு அதுவும் கைகொடுக்காது. அதன் முதற்குறியை ஸகரத்தைக் கொண்டும் எழுதலாம். 2005-ல் யூனிகோடில் சேர்க்கப்பட்ட ஶகரத்தைக் கொண்டும் எழுதலாம். பல எழுத்துருக்களில் இரண்டும் ஒரே வடிவம். சமன்செய்யும் முறைக்கோ அவை இரண்டும் வேறு. அது ஓரெழுத்தா, ஈரெழுத்தா என்பதே இன்னும் ஒரு வினா. ஸ்ரீபெரும்புதூரில் எழுத்து ஏழா, எட்டா? இதற்கு எந்தக் கருவியும் விடை சொல்லாது. தமிழறிந்தவர் கூடி முடிவு செய்ய வேண்டும். முடிவு செய்த பின்னரே விதி எழுத முடியும்.

சில மறுப்புகள்

'ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண் தந்துவிட்டால் தொல்லை தீர்ந்ததே' எனலாம். அப்படி ஒரு முறை இருக்கிறது. டேஸ்–16 என்னும் குறியீட்டு முறையை 2010-ல் தமிழ்நாடு அரசு, யூனிகோடுக்குத் துணையாக, அது போதாத இடங்களில் கையாள ஏற்றுக்கொண்டது. எழுத்தெண்ணுவதும் திருப்புவதும் அதில் எளிது. ஆயினும் கைப்பேசியும் வங்கியும் உலகமும் யூனிகோடில் இருக்கும்போது அங்கே நம் பெயர் பிழையாகக் கூடாது என்பதே கேள்வி.

'எழுத்துக்கொத்து என்று ஒரு கணக்கு உண்டே. எலிக்சிர் போன்ற சார்பு நிரல்மொழிகளில் சரத்தைத் திருப்பினால் துணைக்குறி பிரியாதே' எனலாம். உண்மை, பாராட்ட வேண்டும். ஆனால் அது சரிதானா என்று நாம் எதைக்கொண்டு அறிவோம்? நம் விதியைக் கொண்டுதான். பிறர் சமைத்ததை உண்ணலாம். உப்புப் பார்க்கும் நாக்கு நம்முடையதாக இருக்க வேண்டும்.

'சோதனை பிழை இருப்பதைக் காட்டும், இல்லாமையைக் காட்டாது என்று டைக்ஸ்ட்ரா சொன்னாரே' எனலாம். மறுக்கவில்லை. நூறு சரம் தேறினால் நூற்றோராவது சரம் தேறும் என்பதற்கு உறுதி இல்லை. ஆனால் விதி எழுதப்பட்டுவிட்டால், கணிதத் துறை நண்பர்கள் அதைத் தொகுத்தறி முறையால் நிறுவவும் முயலலாம். எழுதப்படாத விதியைச் சோதிக்கவும் முடியாது, நிறுவவும் முடியாது.

'தேர்வுக்கு வருமா?' என்று கேட்கும் நண்பர்களும் உண்டு. அவர்களுக்கு ஒன்று சொல்வேன். பெயரின் முன்னெழுத்தையும் தமிழிலேயே எழுத வேண்டும் என்று 2021-ஆம் ஆண்டு இறுதியில் தமிழ்நாடு அரசு ஆணையிட்டது. ஆணை நன்று. அதை நிறைவேற்றப் போவது நிரல்கள். அந்நிரல்களை எழுதப் போவது நம்மைப் போன்றவர்கள். தேர்வு அங்கே இருக்கிறது.

நாம் செய்யத்தக்கது

நம் கல்லூரியில் தமிழ்த் துறையும் கணிப்பொறித் துறையும் ஒரே கட்டடத்தில் இருந்தும் அயலாரைப் போல் வாழ்கின்றன. இரு துறை மாணவரும் வாரத்தில் ஒரு மாலை கூடினால் போதும். எழுத்து எது, கிரந்தத்தை எப்படி எண்ணுவது, முன்னெழுத்தை எப்படி எடுப்பது என்பவற்றைத் தமிழ் மாணவர் நூற்பாவாக எழுதட்டும். அதைச் சோதிக்கும் விதியாகவும், சரங்களை உருவாக்கும் சார்பாகவும் நாங்கள் எழுதுகிறோம். முன்னெழுத்துக்கு நான் எழுதிப் பார்த்த விதிகள் இவை: எடுத்த எழுத்தையும் மீதியையும் ஒட்டினால் முழுப்பெயர் வர வேண்டும், எடுத்தது ஓர் எழுத்தாகவே இருக்க வேண்டும், மீதி ஒருபோதும் துணைக்குறியில் தொடங்கக் கூடாது. 'க' என்று எடுத்து, கொம்பையும் காலையும் மீதியில் விட்ட நிரல் முதல் இரண்டில் தேறும், மூன்றாவதில் அகப்படும்.

சொல்லைத் திருப்பும் கலை நமக்கு நேற்று வந்ததன்று. திருஞானசம்பந்தர் ஏழாம் நூற்றாண்டிலேயே மாலைமாற்றுப் பதிகம் பாடினார். முதலிலிருந்து படித்தாலும் இறுதியிலிருந்து படித்தாலும் ஒன்றாக வரும் பாடல்கள் அவை. அவர் திருப்பியது எழுத்தை. கொம்பும் காலும் அதனதன் எழுத்தோடு இருந்தன. பள்ளிப்பிள்ளையும் 'விகடகவி' என்பதை அப்படித்தான் திருப்பிப் படிக்கிறது. அந்தப் பிள்ளைக்குத் தெரிந்ததைக் கணிப்பொறிக்குச் சொல்லிக்கொடுக்க நமக்கு என்ன தயக்கம்?

முடிவாக ஒன்று. என் அண்ணனின் அட்டையில் இப்போது 'கோ' இருக்கிறது. அவருக்காக அலுவலகத்தில் ஒருவர் அந்த ஒரு பெயரை மட்டும் கையால் திருத்திக் கொடுத்தார். நிரல் அப்படியே இருக்கிறது. அடுத்த மாதம் சேரப்போகும் ஒருவருடைய தந்தையின் பெயர் 'சு' என்றோ 'வி' என்றோ தொடங்கும். அவரும் இரண்டு வாரம் அலைவார். ஓர் எடுத்துக்காட்டு திருந்திற்று, விதி திருந்தவில்லை. நண்பர்களே, நாம் திருத்த வேண்டியது விதியை!